முந்நூற்றுப் பதினேழாம் ஆணி

ஆரணிப் பட்டுக்கரை வேட்டி, சரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம், இடுப்பு மடியில் வெள்ளிப் பொடி டப்பி. இவ்வளவு அலங்காரத்தோடு ஒரு மனிதன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். உரித்தவன் நான்தான்.

இடம், கோலார் தங்க வயலில் என் அக்கா பச்சையம்மாளின் மூங்கில் தட்டி வீட்டு வாசல். மறுநாள் அவள் மகள் அலமேலுவுக்குக் கல்யாணம். நான் பெண்ணின் தாய்மாமன். எங்கள் குடியாத்தம் பக்கத்தில் தாய்மாமன் என்றால் மணையில் உட்கார வைத்து விசிறுவார்கள். என் அக்கா என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை இது.

"வந்துட்டியா? புளி கொண்டாந்தியா? சரி, இந்தா, இந்த வெங்காயத்த உரி."

கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வேறு ராஜ்யத்துக்குப் பயணம்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் காலையில் ரயிலேறி மாலையில் திரும்பி விடுகிறார்கள். அப்போது அப்படியில்லை. பங்காருபேட்டையிலிருந்து வயலுக்குக் கிளைப் பாதை போட்டுச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. குடியாத்தம் கம்பெனி சர்க்கார் சீமையாக இருந்து ராணி சர்க்கார் சீமையாக மாறிய ஊர். தங்க வயலோ மைசூர் மகாராஜாவின் ராஜ்யம். ஆகவே எங்கள் தெருவைப் பொறுத்தவரை நான் வெளி தேசம் போகிறவன்.

நானும் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அப்போது ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் வேலை எனக்கு. தலைமை உபாத்தியாயரிடம் லீவு கேட்கும்போது, "அந்நிய ராஜ்யத்தில் நெருங்கிய உறவில் விவாகம்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மூன்று தடவை படித்துவிட்டு, கப்பலா என்று கேட்டார்.

என் மாமியார் சுக்கும் ஓமமும் மூட்டை கட்டித் தந்தாள். அங்கே தண்ணீர் வேறு, ராஜா வேறு, எதுவும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள். எதிர்வீட்டுக்காரர் அங்கே நம் ரூபாய் செல்லுமா என்று விசாரித்தார். செல்லும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணமான கல்யாணப் பத்திரிகை ஒரு தபால் கார்டு. யாரையோ பிடித்து அக்கா எழுத வைத்திருந்தாள். அதில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். "அலமேலுவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். ருக்குமணியையும் கூட்டி வரவும். வரும்போது நல்ல புளி இரண்டு வீசை வாங்கி வரவும். நீ வேலூர் போய்ச் சேர்ந்த கார்டு இன்னும் வரவில்லை."

வேலூருக்கு நான் போய் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பரீட்சை எழுதப் போனேன், எழுதினேன், தேறினேன், வேலையும் கிடைத்துவிட்டது. அக்கா இன்னும் நான் வேலூர் போய்ச் சேர்ந்த கார்டுக்குக் காத்திருந்தாள். யார் எங்கே போனாலும் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு வரவேண்டும் அவளுக்கு. பைத்தியக்காரத்தனம் என்று நான் ஒன்றுகூடப் போட்டதில்லை.

கார்டைப் படித்ததும் என் மனைவி ருக்குமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தட்டுல வெத்தலை பாக்கு வெச்சி, மேளம் கொட்டிக் கூப்புடுவாங்கன்னீங்களே. புளி கேட்டுக் கூப்பிட்டுக்கிறாங்க. இனிமே நீங்க புளி மாமாதான்."

கோபித்துக்கொள்ள ஒரு மரம்

என் கௌரவப் பிரச்சினை உங்களுக்குப் புரிய வேண்டுமானால் என் சொந்தக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதில் என் பெரிய மாமாவுக்குச் சந்தனக் கிண்ணம் இரண்டாவதாக நீட்டப்பட்டது. முதலில் நீட்டப்பட்டது ஊர் மணியக்காரருக்கு. மாமா எழுந்தார், செருப்பை மாட்டினார், போய்க் கோயில் பக்கத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். மாமன்மார் கோபித்துக்கொண்டு போய் உட்காருவதற்கென்றே எங்கள் ஊரில் இருந்த மரம் அது. ஏழு பேர் போய்ச் சமாதானம் சொன்னார்கள். எட்டாவதாக நானே மாலையும் கழுத்துமாகப் போய்க் காலில் விழுந்தேன். அப்புறம்தான் இறங்கி வந்தார். அதுவரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அன்று பசியோடு உட்கார்ந்திருந்தபோதே ஒரு முடிவு செய்தேன். நமக்கும் ஒருநாள் வரும், நாமும் தாய்மாமனாக ஒரு கல்யாணத்துக்குப் போவோம் என்று. அந்த நாள் வந்தது. வெங்காயத்தோடு வந்தது.

ஸ்டேஷனுக்கு மேளம் வரவில்லை. அக்கா புருஷன் சின்னப்பையன் மாமா மட்டும் வந்திருந்தார். சுரங்கத்திலிருந்து நேராக வந்திருந்தார். சுரங்க இருட்டுக்குத் தலையில் ஏற்றி வைக்கும் மெழுகுவர்த்தி தலைப்பாகையில் சொட்டிக் காய்ந்திருந்தது, முழங்கால்வரை சேறு. "வா மச்சான்" என்று என் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டார். பின்னால் நானும் ருக்குமணியும் புளி மூட்டையோடு ஓடினோம்.

அங்கே எல்லாரும் உரக்கப் பேசினார்கள். கல்லை இடித்துப் பொடியாக்கும் மில் பகலெல்லாம் தடதடவென்று இடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிப் பழகிவிட்டார்கள். இது தெரியாமல், அக்கா என்னைத் திட்டுகிறாள் என்று முதல் ஒரு மணி நேரம் நினைத்திருந்தேன். வெற்றிலை போடுகிறாயா என்று கேட்டாளாம்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இன்னொன்று. அக்கா சோற்றுக் கரண்டியை நீட்டி எங்கள் தலையை எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினொண்ணு. சரி, சாப்புடுங்க." எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர்களை எண்ணினால் கண் பட்டுவிடும் என்பார்கள். மாடு கன்றைத்தான் எண்ணுவோம். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் என் குறைகள் நாலைந்து சேர்ந்துவிட்டன. இனிப் பொறுப்பதில்லை என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். வீட்டு வரிசைக் கோடியில் ஒரு புங்கமரம், அடியில் ஒரு கல். அதில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஏழு பேர் வருவார்கள் என்று பார்த்தேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒரே ஒரு அம்மாள் வந்தாள். யாரென்று எனக்குத் தெரியாது.

"இங்கதான் குந்திகினு இருக்கப் போறீங்களா? அப்ப அந்த மொளகாயக் கொஞ்சம் பாத்துக்கங்க. கோழி வந்தா தொரத்துங்க. நான் தண்ணிக்குப் போய்ட்டு வந்துர்றேன்."

கோழி இரண்டு தடவை வந்தது. துரத்தினேன்.

திரும்பிப் போனபோது நான் போனதையே யாரும் கவனித்திருக்கவில்லை. அங்கே கோபித்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை, சமாதானம் செய்யவும் நேரமில்லை. சம்பந்திகள் இரு தரப்பும் ஒரே வரிசையில் குடியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் பந்தல் கால் நட்டார்கள், ஷிப்டுக்குப் போகிறவர்கள் பாதி கட்டிய பந்தலை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இப்படி ஒரு அலட்டல் இல்லாத கல்யாணத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை அழைப்பு

மாப்பிள்ளை கோவிந்தனும் சுரங்கத்தில்தான் வேலை செய்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவு ஷிப்டுக்குப் போயிருக்கிறான் என்று கேட்டபோது நான் நம்பவில்லை. "லீவு கல்யாணத்து அன்னிக்கித்தான? மொத நாளு ராத்திரிக்கு இன்னாத்துக்கு லீவு?" என்றார் சின்னப்பையன் மாமா.

இதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு பிள்ளையார் கோயிலில் தொடங்கும். அங்கே ஷாப்ட் வாயிலில், அதாவது ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் பெரிய கிணற்று வாயிலில் தொடங்கும். ஷிப்ட் முடிந்து மாப்பிள்ளை கூண்டில் மேலே வருவான். வந்ததும் மாலை போட்டு, மேளம் கொட்டி, அப்படியே குளிக்க அழைத்துப் போவார்கள். மாலை போட வேண்டியவன் பெண்ணின் தாய்மாமன். கடைசியில் எனக்கும் ஒரு வேலை.

வெள்ளிக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்ததும் பட்டுக்கரை வேட்டியோடு அங்கே போய் நின்றேன். தலைக்குமேல் பெரிய சக்கரம் சுற்றியது, கம்பிவடம் ஓடியது. பக்கத்தில் ஒரு நீளப் பலகை. அதில் வரிசை வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணிக்கும் கீழே ஒரு நம்பர். கீழே போகிற ஒவ்வொருவனும் தன் நம்பர் அடித்த பித்தளைப் பில்லையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். மேலே வந்ததும் திரும்ப மாட்டிவிட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இதைச் சின்னப்பையன் மாமா எனக்கு அழகாக விளக்கினார். நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். உபாத்தியாயர் அல்லவா, புரியாமல் போகுமா?

கூண்டு வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே முகம், சேற்று முகம். அதில் ஒன்று பல்லைக் காட்டியது. கோவிந்தன்.

நான் மாலையோடு முன்னால் போனேன். அவன் என்னைப் பார்த்ததும் பதறிப்போனான். "ஐயோ மாமா, நீங்களா இம்மாந்தூரம் வந்தீங்க? கொஞ்சம் இத்தப் புடிங்க." தலைத்துண்டு, மெழுகுவர்த்தித் துண்டு, பில்லை, மூன்றையும் என் கையில் திணித்துவிட்டு, அந்தச் சேற்றிலேயே நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது ஐம்பது பேர் பார்க்கிறார்கள். வந்ததிலிருந்து நான் ஏங்கிக் கிடந்த மரியாதை, இதோ, தரையில் முழு நீளத்துக்குக் கிடக்கிறது. "தீர்க்காயுசா இருப்பா" என்று ஆசீர்வதித்தேன். மாலையைப் போட்டேன். மேளம் பிடித்துக்கொண்டது. கூட்டாளிகள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தலைத்துண்டை யாரோ வாங்கிக்கொண்டார்கள். மெழுகுவர்த்தித் துண்டை எங்கேயோ போட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் நடந்தேன்.

இடுப்பு மடியில் பொடி டப்பி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனத்தது போலிருந்தது. சந்தோஷத்தில் எல்லாமே கனமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சங்கு

பத்து மணிக்கு மேல் முகூர்த்தம். கோவிந்தன் குளித்துக் கையில் காப்புக் கட்டி மணையில் உட்கார்ந்தாயிற்று. முதல் பந்தி அதற்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. தாலி கட்டுமுன் பந்தியா என்று நான் வாயைத் திறக்குமுன் ருக்குமணி என் கையைக் கிள்ளினாள். அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தானே போக வேண்டும். பந்தியில் சுரங்க ஆபீஸ் குமாஸ்தாவும் இருந்தார். பாயசத்தை இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டிருந்தார்.

தாய்மாமன் போய்ப் பெண்ணின் கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வர வேண்டிய நேரம். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

அப்போது சங்கு ஊதியது.

ஷிப்டு சங்கு ஒரு தரம் நீளமாக ஊதும், எனக்கே அதற்குள் பழகியிருந்தது. இது விட்டுவிட்டு ஊதியது. முதல் ஊதலில் மேளம் நின்றது. இரண்டாவதில் பந்தி எழுந்தது. மூன்றாவதில் பந்தலில் ஆண்பிள்ளை என்று அநேகமாக யாரும் இல்லை. பெண்ணுக்குத் தகப்பன் சின்னப்பையன் மாமா, கல்யாணத் தலைப்பாகையைக் கழற்றி என் கையில் எறிந்துவிட்டு ஓடினார். எங்கே, எதற்கு என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை.

எழுந்த கோவிந்தனை நாலு பெண்கள் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். காப்புக் கட்டினவன் பந்தலை விட்டு வெளியே போகக் கூடாது.

அக்காவைப் பார்த்தேன். கையில் கரண்டியோடு நின்றபடி பந்தலைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்களும் அப்படித்தான். புருஷனோ மகனோ கீழே ஷிப்டில் இருந்தவர்கள் செருப்பில்லாமல் ஷாப்டைப் பார்க்க ஓடினார்கள். நேற்று என்னை மிளகாய்க்குக் காவல் வைத்த அம்மாளும் அதில் ஒருத்தி.

"இன்னாக்கா, இன்னா ஆச்சு?" என்றேன்.

"கீழ ஆளு மாட்டிகினான்" என்றாள். "அவுரு தம்பி போனப்போ இப்டித்தான் ஊதுச்சு."

சின்னப்பையன் மாமாவுக்கு ஒரு தம்பி இருந்ததும், சுரங்கத்தில் இறந்ததும் எனக்குத் தெரியும். கார்டில் எழுதியிருந்தார்கள். படித்தேன், வருத்தப்பட்டேன், பதில் போட வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு அந்தப் பந்தலில் நின்றபோதுதான் அந்தக் கார்டின் பாரம் எனக்குத் தெரிந்தது. அங்கேயே பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. குமாஸ்தா ஓடி வந்தார். பாயசக் கை இன்னும் கழுவவில்லை. ஆபீசுக்கு ஓடி, பேரேட்டுப் பெட்டியைத் திறந்து, பார்த்துவிட்டு, திரும்பி ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"ராத்திரி ஷிப்டுல ஒரு ஆணி காலி. ஒம்போது மணி வரைக்கும் பாத்தாங்க, பில்லை வரல. தேடறதுக்குப் பன்னண்டு பேரு எறங்கிட்டாங்க, சின்னப்பையனும் எறங்கிட்டாரு. நம்பரு முந்நூத்திப் பதினேழு. புஸ்தகத்துல பாத்தேன். பேரு வந்து..."

மணையில் மாலையோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடி நின்றது.

"கோவிந்தா, நீதான்டா அது."

மடியில் கனம்

பந்தலில் ஒரு பெண் சிரித்தாள், உடனே அழுதாள். மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டிக்கொண்டவன் முழுசாக, சந்தனம் பூசிக்கொண்டு, கண்ணெதிரே இருக்கிறான்.

குமாஸ்தாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "பில்லை எங்கடா? ஆணியில மாட்டலியா? துரை அங்க குதிச்சிகினு கீறாரு. இருக்கிற பில்லையக் குடுத்தா ஒரு வார்த்த சொல்லிப் பாக்கலாம். தொலைச்சிட்டன்னா உன் சீட்டக் கிழிச்சிடுவாரு, இன்னிக்கே."

கோவிந்தன் யோசித்தான். யோசிக்கும்போதே அவன் கண் என் பக்கம் திரும்பியது. திரும்பி, என் முகத்தில் ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது.

"எங்கியோ வுழுந்துடுச்சி சார்" என்றான். "ஜோர்ல கவனிக்கல. தப்பு என்னுது."

என் கை தானாக மடிக்குப் போயிற்று. பொடி டப்பியின் பக்கத்தில் வட்டமாக, சில்லென்று இன்னொன்று.

இந்த இடத்தில் நான் உடனே துள்ளி எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. நான் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன், படித்தவன், குடியாத்தத்து உபாத்தியாயர், பன்னிரண்டு பேரைப் பாதாளத்துக்கு அனுப்பிவிட்டு மடியில் பில்லையோடு உட்கார்ந்திருக்கிறான் என்று ஊர் பேசுமே என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தமில்லாமல் போய்ப் பாதையில் போட்டுவிட்டால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று முழுக்க என் மரியாதையை யாரும் கவனிக்கவில்லை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் காப்பாற்ற ஒரு பையன் தன் வேலையையே கொடுக்கத் துணிந்து மணையில் உட்கார்ந்திருந்தான். உள்ளே தட்டி மறைவில் அலமேலு நின்றிருந்தாள். கையில் இருந்த தேங்காயை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

எழுந்தேன். பில்லையை எடுத்து எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்தேன். "இதோ கீது. என் மடியிலதான் இருந்துச்சு. அவன் என் கையில குடுத்தான். நான்தான் மறந்துட்டேன்." நாலு பேர் எதிரில் நான் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசி அப்போது ரொம்ப நாளாயிற்று.

 அக்காதான் முதலில் அசைந்தாள். "ஆணியில போய் மாட்டுங்கடா மொதல்ல. ரெண்டு பேரும் ஓடுங்க."

"காப்பு கட்டிகினு வெளிய..." என்று ஆரம்பித்தார் கல்யாணம் செய்து வைக்க வந்திருந்த பண்டாரம்.

"காப்பாவது இன்னாவாவது. கீழ பன்னண்டு பேரு கீறாங்க."

ஓடினோம். மாலையோடு மாப்பிள்ளை, அங்கவஸ்திரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான், பின்னால் குமாஸ்தா, அவர் பின்னால் வரிசையிலிருந்த அத்தனை நாய்கள்.

ஷாப்ட் வாயிலில் செந்தாடி வைத்த துரை ஒருவர் நின்றார். பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுப்பவன். அன்று என் வாயிலிருந்து ஒரு வினைச்சொல்கூட வரவில்லை. பில்லையைக் காட்டினேன், என் மார்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் மாலையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், பலகையைச் சுட்டினார். முந்நூற்றுப் பதினேழாம் ஆணி. மூன்றாம் தரம்தான் மாட்ட முடிந்தது.

கீழே இருப்பவர்களுக்கு மணி அடித்தார்கள். சக்கரம் சுற்றத் தொடங்கியது. அந்தக் கூண்டு மேலே வர எடுத்துக்கொண்ட நேரம் போல நீண்ட நேரம் என் வாழ்க்கையில் வேறு இல்லை. பன்னிரண்டு பேரும் வந்தார்கள். நான் எண்ணினேன். ஒருவர் விடாமல், விரலை நீட்டி, வாய்விட்டு எண்ணினேன்.

சின்னப்பையன் மாமா இறங்கியதும் குமாஸ்தா விஷயத்தைச் சொன்னார், மாமா கோவிந்தனைப் பார்த்தார். கீழே அவர் தேடினது யாரை என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. சேற்றுக் கையால் அவன் கன்னத்தை இரண்டு பக்கமும் பிடித்து, அப்படியே வேட்டியோடு கட்டிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போய், "மாமா, என்னாலதான்" என்றேன். 

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மடியில தங்கத்தையே மறைச்சி வெச்சிருந்தாக்கூட இத்தினி பேரு தேடியிருக்க மாட்டாங்க, மச்சான்."

முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. கடைசியில் நிறுத்தியவன் நான். துரையும் ஏதோ சொன்னார். குமாஸ்தா மொழிபெயர்த்தார். "வேலைக்கு நாளைக்கு வா. ஆனா உங்க வீட்டு மாமாவ இனிமே இந்தப் பக்கம் கூட்டியாராத."

பந்தலுக்குத் திரும்பினபோது முகூர்த்தம் தப்பிவிட்டது என்று பண்டாரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அக்கா கரண்டியை நீட்டி ஒரு சுற்று எண்ணினாள். "எல்லாரும் மேல வந்துட்டாங்க இல்ல? அப்ப இதான் முகூர்த்தம். கட்டச் சொல்லு."

நான் போய் அலமேலுவின் கையைப் பிடித்தேன். அவள் குனிந்த தலை நிமிராமல் மெதுவாகச் சொன்னாள். "மாமா, மணை வரைக்கும் கைய வுட்டுடாதீங்க. அப்பறம் என்னையும் தேடணும்."

மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் மாமனாரின் சேற்றுக் கை இரண்டு பதிந்திருந்தது. அதோடேயே தாலி கட்டினான்.

ரயிலடி

மறுநாள் எங்களை வழியனுப்ப ஒரு ஷிப்டே வந்தது. மேளமும் வந்தது. நான் கேட்காமலே, கேட்ட காலமெல்லாம் போன பிறகு வந்தது. நான் மாமன் இல்லை இப்போது. வரிசை முழுக்க எனக்கு வைத்துவிட்ட பெயர் முந்நூத்திப் பதினேழு. புளி மாமாவே தேவலை என்றாள் ருக்குமணி.

வண்டி புறப்படும் நேரத்தில் கோவிந்தன் ஜன்னலுக்கு வந்து, மிகவும் பணிவாகக் கேட்டான். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. மடிய ஒருதரம் பாத்துடலாமா?"

அவிழ்த்துக் காட்டினேன். பொடி டப்பி மட்டும்தான் இருந்தது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு நாளில் அவளோடு உட்கார்ந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது அவள் விரலை நீட்டி என்னையும் ருக்குமணியையும் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்றாள். வண்டி நகர்ந்தது. எனக்குப் பார்வை மறைந்தது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

குடியாத்தத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியை ருக்குமணியிடம் விட்டுவிட்டு நேராகத் தபாலாபீஸ் போய் ஒரு கார்டு வாங்கினேன். அங்கே இருந்த பேனா சரியாக எழுதவில்லை, மசி கொட்டியது. நாலே வார்த்தைதான் எழுத வேண்டியிருந்தது.

"அக்கா, இரண்டு பேரும் சேர்ந்துவிட்டோம்."